கட்டுமரத்துக்கு உறுதி எங்கை?

எடேய் மோனை, உந்தக் கறுப்புக் கண்ணாடியை ஒருக்காக் கழட்டிப்போட்டு இஞ்சை பார். இப்ப என்ன சொன்னனி? கற்றமறான். இன்னொருக்காச் சொல்லன். வடிவாத்தான் கிடக்கு, வெத்திலையைக் கொடுப்புக்குள்ளை அடக்கி வைச்சுக்கொண்டு சுண்ணாம்பு கேக்கிறமாதிரி.

நயினாதீவு அம்மாளிட்டைப் போகவெண்டு குறிகட்டுவானிலை வந்து நிக்கிறம். இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு. நீ என்னடா எண்டால் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடிறதைப் பாத்து, "இது சும்மா போட் அப்பு. நாங்கள் புளோரிடாவிலை போனது கற்றமறான்" எண்டு சொல்லிப்போட்டாய். பேந்து கிழவனுக்கு விளங்காதெண்டு பாவம் பாத்துக் கையாலை வேறை செய்து காட்டுறாய். இரண்டு உடம்பு, நடுவிலை தட்டு, மேலை பாய். ஆளுக்கு எத்தினை டொலர் எண்டு கேட்டன். நீ சொன்ன தொகைக்கு நான் ஒரு காலத்திலை வள்ளமே வேண்டியிருப்பன், வலையும் சேத்து.

அது போகட்டும். உந்தப் பேர் என்னண்டு வந்தது எண்டு கேட்டன் பார், அதுக்கு நீ சொன்ன மறுமொழிதான் என்ரை நெஞ்சுக்குள்ளை நிக்குது. "கற் எண்டால் பூனை அப்பு. பூனைமாதிரிப் பாஞ்சு ஓடும். அதுதான்."

பூனை! கடலுக்கும் பூனைக்கும் என்னடா சம்பந்தம்? மீன் கரைக்கு வந்தாப்பிறகுதான் பூனைக்கு அலுவல்.

உந்த வாங்கிலை இரு. நாப்பது வருசம் இந்தக் கடலிலை தண்டையலாய் நிண்டவன் சொல்லுறன், கேள். அது பூனையுமில்லை, புலியுமில்லை. கட்டுமரம். கட்டின மரம். பருத்தித்துறைப் பக்கம் போய்ப் பார், அங்காலை கடலைத் தாண்டினால் நாகபட்டினம் தொட்டுச் சென்னை மட்டும் பார். பாரமில்லாத மரக்குத்தி நாலைஞ்சை வரிசையாய் அடுக்கிக் கயித்தாலை வரிஞ்சு கட்டினால் அதுதான் கலம். அதுக்கு வயிறு இல்லை. வயிறு இல்லாததுக்குத் தண்ணி ஏறும் எண்ட பயமும் இல்லை. மேலை ஏறின திரை மரத்துக்கு மரம் இருக்கிற இடுக்காலை வழிஞ்சு போயிடும். கரைக்கு வந்தால் கட்டை அவிட்டு ஒவ்வொரு மரமாய் வெயிலிலை காயப் போடுவினம். அடுத்த நாள் விடியத் திரும்பக் கட்டோணும். கலியாணமும் அப்பிடித்தான், ஆனால் உனக்கு அதை இப்ப சொல்லி என்ன?

எங்கடை தீவுப் பக்கத்துக் கடல் கனக்க இடத்திலை இடுப்பளவு, முழங்காலளவு. அதாலை நாங்கள் வள்ளம், வத்தை, தோணி எண்டு வளந்தம். கட்டுமரம் திரை அடிக்கிற கரையின்ரை சாமான். அதையும் சொல்லிப்போடுறன், பேந்து நான் அடுத்தவன்ரை காணிக்குள்ளை வேலி போட்டன் எண்டு சொல்லப்படாது.

வேலி எண்டோடனை ஞாபகம் வருது. காணி வழக்கிலை பிறந்து காணி வழக்கிலை சாகிற சனம் நாங்கள். உங்கை ஸ்காபரோவிலை வீட்டுக்கு முன்னாலை வேலியே இல்லையாம், கொம்மா சொன்னவள். என்னண்டு நித்திரை கொள்ளுறியள்? இஞ்சை ஒரு பூவரசங் கதியால் அரைச் சாண் நகர்ந்தால் மூண்டு தலைமுறை கோட்டுக்கு நடக்கும். அதாலைதான் சொல்லுறன், சொல்லையும் காணிமாதிரிப் பார். "இது என்ரை" எண்டு ஆர் பலமாய்க் கத்திறானோ அவனுக்குக் காணி சேராது. உறுதியைக் காட்டோணும். எந்த வருசம் எழுதினது, ஆற்றை கையிலை இருந்து ஆற்றை கைக்கு மாறினது, சாட்சி வைச்சவன் ஆர், எல்லை எது. உன்ரை பூனைக்கு உப்பிடி ஒரு துண்டுக் கடுதாசி இருக்கோ?

கட்டுமரத்துக்கு இருக்கு. 1583 ஆம் ஆண்டு. வெனிசு நகரத்து ஆள், கஸ்பாரோ பால்பி எண்டு பேர், இரத்தினக்கல்லு வியாபாரம். சோழமண்டலக் கரைக்கு வந்தவர் அலுவலைப் பாத்தமோ போனமோ எண்டில்லாமல் கரையிலை கிடந்த மரத்தை எண்ணியிருக்கிறார். ஏழு உருண்டை மரம். அடிப்பக்கத்துக்கு அஞ்சு, நடுவிலை ஒண்டு மற்றதுகளை விட நீளம், தண்ணியைக் கிழிக்க. பின்னுக்கு ஒண்டு, அதிலை ஆள் இருக்கும். பேர் "கதமெரோனி" எண்டு எழுதி வைச்சிருக்கிறார். இத்தாலிக்காரன்ரை வாயிலை கட்டுமரம் இடியப்பத்துக்குப் பக்கத்திலை வைக்கிற சாமான்மாதிரி வந்திட்டுது. பரவாயில்லை, எல்லை சரி.

அதுக்குப் பிறகு 1673 இலை ஜோன் பிரையர் எண்ட இங்கிலீசு வைத்தியர் ஒருத்தர் எழுதினார். 1697 இலை வில்லியம் டம்பியர் தன்ரை உலகப் பயணப் புத்தகத்திலை எழுதினார். இந்த டம்பியர் கடற்கொள்ளைக்காரரோடை ஓடித் திரிஞ்ச ஆள். அங்காலை நிக்கிற எங்கடை வாத்தியார் முகத்தைச் சுளிக்கிறார், "கள்ளன்ரை சாட்சி செல்லுமோ?" எண்டு. ஏன் செல்லாது? எடுத்த சாமான்ரை பேரைக் கள்ளன் பிழைவிடாமல் எழுதுவான். சாமான்காரன்தான் மறந்துபோவான்.

உந்தச் சாட்சியள் கனபேரைச் சேத்து 1886 இலை யூல், பேர்னல் எண்ட இரண்டு பேர் ஒரு பெரிய அகராதி போட்டவை. இந்தியாப் பக்கத்திலை வெள்ளைக்காரன் பொறுக்கின சொல்லுக்கெல்லாம் தோம்பு. புத்தகம் அச்சிலை வரமுந்தி பேர்னல் செத்துப்போனார், பாவம். அதின்ரை பேர் ஹொப்சன்-ஜொப்சன். ஏதோ இரண்டு துரைமார் எண்டு நினைச்சிடாதை. முகரம் ஊர்வலத்திலை முஸ்லிம் சனம் "யா ஹசன், யா ஹுசைன்" எண்டு நெஞ்சிலை அடிச்சு அழுததை வெள்ளைப் பட்டாளத்தான் தன்ரை காதாலை கேட்டு, தன்ரை வாயாலை திருப்பிச் சொன்ன வடிவு அது. ஒரு சனத்தின்ரை ஒப்பாரி மற்றச் சனத்துக்கு ஹொப்சன்-ஜொப்சன். நீ கட்டுமரத்தைப் பூனை எண்டது அதுக்குக் கிட்டவும் வராது, பயப்பிடாதை. அந்தப் புத்தகத்திலை தண்டையலும் கிடக்கு, "டிண்டல்" எண்டு. வெள்ளைக்காரன்ரை பெட்டகத்துக்குள்ளை உன்ரை அப்புவும் இருக்கிறன், மரியாதை வை.

இப்ப வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டு கிட்ட வாறார். வாருங்கோ, இருங்கோ. மோனை, எழும்பி இடம் குடு. இவர் இளைப்பாறி இருபது வருசம். அண்டு தொடக்கம் ஒரே ஒரு அலுவல்தான்: இங்கிலீசு முழுக்கத் தமிழிலை இருந்து வந்தது எண்டு நிறுவுறது. நேற்று வாசிகசாலையிலை சொன்னவர், எட்டு எண்டதுதானாம் எய்ற். நான் கேட்டன், அப்ப ஏழும் ஒன்பதும் ஆற்றை பிள்ளையள் மாஸ்ரர்? முழு வரிசையையும் விட்டிட்டுச் சனியன் பிடிச்ச எட்டை மட்டும் ஒருத்தன் கடல் தாண்டிக் களவெடுத்துக்கொண்டு போவானோ? எய்ற்றுக்குச் சொந்தக்காரர் வேறை. லத்தீனிலை ஒக்டோ, சமஸ்கிருதத்திலை அஷ்ட. முகச்சாயல் ஒத்துப்போனால் பங்கு கேக்கலாம் எண்டால், எனக்கும் அந்தக் காலத்து எம்.ஜி.ஆருக்கும் ஒரே மூக்கு.

காசுக் கதையும் அப்பிடித்தான். "கேஷ் எண்டது எங்கடை காசு" எண்டு மாஸ்ரர் நெஞ்சிலை தட்டுறார். பாதிக்குப் பாதி சரி. இங்கிலீசிலை கேஷ் எண்டு இரண்டு பேர் இருக்கினம், ஒரே ஊரிலை இரண்டு கந்தையர் இருக்கிறமாதிரி. ஒருத்தர் பழைய சில்லறை, நடுவிலை ஓட்டை போட்ட சீனத்துச் செப்புக்காசுக்கு வெள்ளைக்காரன் சொன்ன பேர். அவர் எங்கடை ஆள்தான். காசு போத்துக்கீசன்ரை வாயிலை காய்ஷாவாகி, பேந்து கேஷ். மற்றவர், கடையிலை உன்னட்டைக் "கேஷோ கார்டோ" எண்டு கேக்கினமே, அவர் இத்தாலிப் பக்கத்தவர். கஸ்ஸா எண்டால் பெட்டி. பணம் போட்டு வைக்கிற பெட்டி. இந்தக் கந்தையருக்கு வந்த காயிதத்தை அந்தக் கந்தையர் வீட்டிலை குடுத்திட்டு மாஸ்ரர் சன்மானம் கேட்டுக்கொண்டு நிக்கிறார்.

கோவியாதையுங்கோ மாஸ்ரர். உறுதி சுத்தமாய்க் கிடக்கிறதும் கனக்க இருக்கு. சுருட்டுத்தான் செரூட். யாழ்ப்பாணத்துச் சுருட்டு தெற்கிலை மூலைக்கு மூலை கடை போட்டு மணத்த காலம் ஒண்டிருந்தது. கறி, மாங்காய் எல்லாம் போச்சுது. கயிறு மலையாளப் பக்கத்தாலை கொயர் எண்டு போச்சுது. கட்டுமரமும் போய், அதைக் கட்டின கயிறும் பின்னாலை போயிருக்கு. கட்டினவன்தான் போகேல்லை, அவனுக்கு விசா குடுக்கேல்லைப்போலை.

சரி, போன பிள்ளை அங்கை என்ன பாடுபட்டுது எண்டு கேளன். 1804 இலை நெப்போலியன் இங்கிலாந்தைப் பிடிக்கவெண்டு பூலோன் துறைமுகத்திலை கலங்களை அடுக்கி வைச்சுக்கொண்டு நிண்டவன். இங்கிலாந்துக்கு நடுக்கம். றொபேட் புல்ற்றன் எண்ட அமெரிக்கர் ஒரு யோசினை சொன்னார். நீளப் பெட்டி செய்து, ஈயத்தகடு அடிச்சு, உள்ளுக்கை வெடிமருந்தை அடைஞ்சு, தண்ணிமட்டத்தோடை மிதக்கவிட்டு எதிரியின்ரை கப்பலுக்குக் கீழை அனுப்பிறது. ஒக்டோபர் மாசம் ஒரு இரவு அனுப்பினவை. சத்தம் பெரிசு, சேதம் சின்னன். அந்தப் பெட்டிக்கு இங்கிலாந்துப் பட்டாளம் வைச்ச பேர் என்ன தெரியுமோ? கற்றமறான். மீன் பிடிக்கப் போன கட்டுமரத்தைக் குண்டு வைக்கப் பழக்கினவை.

அதை விடப் பகிடி, அடுத்த கருத்து. கிட்ட வா, அம்மம்மாவுக்குக் கேக்கப்படாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலீசிலை ஒரு பொம்பிளையைக் கற்றமறான் எண்டு சொன்னால், சண்டைக்காரி எண்டு கருத்து. தொட்டதுக்கெல்லாம் சீறுற ஆள். ஏன் தெரியுமோ? அவைக்கும் உன்னைமாதிரித்தான். சொல்லுக்குள்ளை "கற்" எண்டு கேட்டிருக்கு, பூனை ஞாபகம் வந்திருக்கு, பூனை நகத்தாலை பிறாண்டும் எண்டது ஞாபகம் வந்திருக்கு. அகராதிக்காரரும் அப்பிடித்தான் சந்தேகப்படுகினம். ஆனபடியால் நீ விட்ட பிழை சின்னப் பிழையில்லை மோனை, இங்கிலீசுக்காரன்ரை பரம்பரைச் சொத்து. நான் இதை ஒருக்கா உன்ரை அம்மம்மாவுக்கு விளக்கமாய்ச் சொன்னனான். அண்டைக்கு இரவு எனக்குப் புட்டுக்குச் சம்பல் வரேல்லை. சொல்லுக்குக் கருத்து எப்பிடி ஒட்டுதெண்டு அப்பதான் வடிவாய் விளங்கினது.

இனி உன்ரை புளோரிடா அலுவலுக்கு வாறன். உந்த இரண்டு உடம்புச் சாமான் எங்கடையில்லை. கேட்டியளோ மாஸ்ரர், எங்கடையில்லை. எங்கடை கட்டுமரத்துக்கு ஒரு உடம்புகூட ஒழுங்காய் இல்லை. இரண்டு வள்ளத்தைப் பக்கத்திலை பக்கத்திலை வைச்சு நடுவாலை பிணைச்சு, ஆயிரக்கணக்கான மைல் ஓடினது பசுபிக் கடல் தீவுச் சனம். வெள்ளைக்காரனுக்குச் சேத்துக் கட்டின எதைக் கண்டாலும் கட்டுமரம். தெற்கிலை சிங்களச் சனம் பக்கத்திலை மிதப்புக்கட்டை வைச்சு ஓடிற ஒறுவ இருக்கெல்லோ, இலங்கையிலை இருந்த துரைமார் அதையும் கற்றமறான் எண்டுதான் எழுதினவை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரே கட்டைதான் கட்டினவை.

பேந்து 1876. அமெரிக்கா சுதந்திரம் எடுத்து நூறு வருசம், நியூயோர்க்கிலை பாய்க்கலப் போட்டி. நதானியேல் ஹெரஷொவ் எண்ட கப்பல் கட்டிறவர் அமரில்லிஸ் எண்டு இரண்டு உடம்புக் கலம் ஒண்டைக் கொண்டுவந்து இறக்கினார். மற்றவை பாயை இழுத்துக் கட்டி முடிக்க முந்தி இவர் முடிவுக் கோட்டுக்குப் போயிட்டார். வெண்டவருக்கு என்ன குடுத்தவை? "உது எங்கடை வகையிலை சேராது" எண்டு தள்ளிப்போட்டினம். விளையாட்டுக் கழகம் எண்டால் எந்த நாட்டிலையும் ஒரு குணம்தான். எங்கடை ஊரிலை பட்டப்போட்டியிலை வெண்ட பெடியனுக்கு "நூல் தடிப்புக் கூட" எண்டு சொன்னமாதிரி. ஹெரஷொவ் அடுத்த வருசம் அதுக்குக் காப்புரிமையும் எடுத்துப்போட்டார். அண்டு பிடிச்ச கருத்துத்தான், இரண்டு உடம்பெண்டால் கற்றமறான். பேர் எங்கடை, வித்தை பசுபிக்குச் சனத்தின்ரை, காப்புரிமை அமெரிக்கன்ரை, காசு கொப்பற்றை.

இன்னும் முடியேல்லை. 1940களிலை யுக்ரேனிலை பிறந்து அமெரிக்காவுக்குப் போன விக்டர் செச்செற் எண்டவர் மூண்டு உடம்போடை கலம் கட்டினார். அதுக்குப் பேர் வேணுமே. கற்றமறான் எண்டதை எடுத்துக் கத்தியாலை நடுவிலை வெட்டினார். "கற்ற" எண்டால் இரண்டாக்கும் எண்டமாதிரி அதைக் கடலிலை எறிஞ்சுபோட்டு, மிச்சத்துக்கு முன்னாலை மூண்டை வைச்சார். ட்றைமறான். அதாவது மூண்டு மரம். கட்டு எங்கை? கட்டு போச்சுது! கட்டை எறிஞ்சுபோட்டு மரத்தை மட்டும் வைச்சிருந்தால் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு பக்கமெல்லோ போகும்? ஆனால் மாஸ்ரர், உங்களுக்கு ஒரு சந்தோசச் சேதி. மரம் எண்டதை மரன் எண்டும் சொல்லலாம், அறம் அறன், நிலம் நிலன் எண்டமாதிரி. இலக்கணத்திலை கிடக்கு, நீங்கள்தான் எனக்கு அடிச்சுப் பழக்கினது. ஆகத் தெரியாமல் எண்டாலும் அந்த மனிசன் சங்ககாலத் தமிழ்தான் கதைச்சிருக்கு. இந்தா, சிரிச்சிட்டார். இனி ஒரு கிழமைக்கு வாசிகசாலையிலை இதுதான் கதை.

மோனை, ஒரு விசயத்தை நான் சிலவேளை யோசிக்கிறனான். வல்வெட்டித்துறையிலை கட்டின பாய்க்கப்பல் ஒண்டு, அன்னபூரணி. அதை வில்லியம் றொபின்சன் எண்ட அமெரிக்கர் வேண்டினார். எங்கடை கடலோடியள் அதை அத்திலாந்திக் தாண்டி ஓட்டி 1938 இலை மசச்சூசெற்ஸ் பக்கத்துக் குளோஸ்ரர் துறைமுகத்திலை கொண்டுபோய்க் கட்டினவை. கப்பல் முழுசாய்ப் போச்சுது, ஆனால் பேரை மாத்திப்போட்டினம். புளோரன்ஸ் சி. றொபின்சன் எண்டு. கட்டுமரம் அந்தப் பக்கம் போகவேயில்லை, பேர் மட்டும் போய் அங்கை குடியிருக்கு. ஒண்டுக்கு உடம்பு போய்ப் பேர் போகேல்லை, மற்றதுக்குப் பேர் போய் உடம்பு போகேல்லை. உங்கை வளருற உங்களிலை எது போனது, எது போகேல்லை எண்டு கொம்மாவைத்தான் கேக்கோணும்.

சரி சரி, முகத்தைத் தொங்கப்போடாதை. காலமை வரேக்கை றோட்டிலை பலகையைக் கண்டனியே, கயிற்ஸ் எண்டு? நீ கேட்டனி, ஊர்காவற்துறையிலை எங்கை கயிற்ஸ் வருது எண்டு. வரவே வராது. அது போத்துக்கீசன்ரை சொல்லு. காய்ஸ் எண்டால் இறங்குதுறை. உங்கை இருந்துதான் ஆனையளை மரக்கலத்திலை ஏத்தினவை, அதாலை ஆனை இறங்குதுறை எண்டு பேர். ஆனை போச்சுது, துறை நிண்டுது. அந்தக் காய்ஸும், நீ படிக்கிற இங்கிலீசிலை கப்பல் கட்டிற இடத்துக்குச் சொல்லுற கீயும் ஒரே வயித்துப் பிள்ளையள். எழுதேக்கை குவே மாதிரி எழுதி வாசிக்கேக்கை கீ எண்டு வாசிக்கிறாங்கள், பேந்து எங்கடை ழகரத்துக்குச் சிரிக்கிறாங்கள். இரண்டும் பழைய பிரெஞ்சாலை வந்தது. அதுக்கும் அடியிலை பிரான்சிலை முந்தி இருந்த கோல் சனத்தின்ரை சொல்லு ஒண்டு கிடக்கு. அதின்ரை கருத்து என்ன தெரியுமோ? அடைச்ச இடம். வேலி. வேல்சுக்காரன் இண்டைக்கும் வேலியடைச்ச வயலுக்கு அந்த இனத்துச் சொல்லைத்தான் சொல்லுறான்.

பாத்தியோ? உலகத்திலை இவ்வளவு கரை கிடக்க, வேலி எண்ட சொல்லு கப்பலேறி வந்து இறங்கினது எங்கை? யாழ்ப்பாணத்திலை! தன்ரை சனம் இருக்கிற இடத்தைச் சொல்லு மோப்பம் பிடிச்சு வந்திருக்கு.

ஊர்காவற்துறை எண்ட எங்கடை பேருக்கும் உறுதி இருக்கு, கல்லிலை. இப்ப போறம் பார், அந்த நயினாதீவு அம்மன் கோயிலிலை ஒரு கல்வெட்டுக் கிடக்கு. 12ஆம் நூற்றாண்டு, பொலநறுவையிலை இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின்ரை. சிங்களத்து அரசன், எழுதினது தமிழிலை. ஊராத்துறையிலை வந்து இறங்கிற பிறநாட்டாரைப் பாதுகாக்கோணும், ஆனையும் குதிரையும் கொண்டு வந்த கப்பல் உடைஞ்சால் நாலிலை ஒரு பங்கு அரசனுக்கு, மிச்சம் சொந்தக்காரனுக்கு, மற்றச் சரக்குக் கப்பல் உடைஞ்சால் பாதிக்குப் பாதி எண்டு கிடக்கு. உன்ரை அம்மம்மா "ஊராத்துறை" எண்டு சொல்லேக்கை நீ சிரிக்கிறாய், கிழவிக்கு வாய் குழறுது எண்டு. கிழவி கல்வெட்டிலை இருக்கிறமாதிரிக் கதைக்கிறாள். நீ பலகையிலை இருக்கிறமாதிரிக் கதைக்கிறாய்.

ஒல்லாந்தன் வந்து எங்கடை தீவுக்கெல்லாம் தன்ரை ஊர்ப் பேரை வைச்சவன். காரைதீவு அம்ஸ்ரடாம், வேலணைத்தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டடாம், நயினாதீவு ஹார்லம். அம்ஸ்ரடாமிலை மாடு தொலைஞ்சு லெய்டனிலை கண்டுபிடிச்சம் எண்டு ஆரும் கதைக்கேல்லை, பேர் எல்லாம் காஞ்சு விழுந்திட்டுது. நெடுந்தீவுக்கு வைச்ச டெல்வ்ற் மட்டும்தான் ஒட்டிக்கொண்டு நிக்குது. டெல்வ்ற் எண்டால் கிண்டினது, வாய்க்கால் வெட்டின இடம். கிண்டிறதுக்கு இங்கிலீசிலை சொல்லுற டெல்வ் அதின்ரை சகோதரம். நெடுந்தீவிலை எங்கை கிண்டினாலும் முருகைக்கல்லு. அந்தக் கல்லை அடுக்கித்தான் மதிலே கட்டி வைச்சிருக்கினம், நடுவிலை குதிரையள் மேயுது. ஆனால் இங்கிலீசு அகராதியிலை டெல்வ்ற் எண்டு பாத்தால் எங்கடை தீவும் இல்லை, குதிரையும் இல்லை. நீலப் பூப்போட்ட பீங்கான்தான். ஒல்லாந்திலை அந்த ஊரிலை செய்தது.

கடற்கோட்டைக் கதை இன்னும் மோசம். ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவிலை தண்ணியிலை நிக்குதே, ஹமன்ஹீல் எண்டு, இப்ப தங்குவிடுதி. அந்தப் பேருக்குக் கருத்து, பண்டித்தொடையின்ரை குதி. இலங்கையின்ரை படத்தை வைச்சுப் பாத்த ஒல்லாந்தனுக்கு அது உப்புப் போட்டுத் தொங்கவிட்ட பண்டித்தொடைமாதிரித் தெரிஞ்சிருக்கு. இந்தியாக்காரன் எங்கடை நாட்டைக் கண்ணீர்த்துளி எண்டுறான், நாங்கள் மாங்காய் எண்டுறம், ஒல்லாந்தனுக்குப் பசி.

மாஸ்ரர் சிரிக்கிறார். சிரியுங்கோ, இனி உங்கடை வீட்டுக்கு வாறன். தமிழிலை கலப்பே இல்லை எண்டு சொல்லுற மனிசன் காலமை எழும்பி எங்கை போறவர்? கக்கூசுக்கு. ஒல்லாந்தன்ரை. பேந்து முகத்தைத் துடைக்கிறது துவாய், போத்துக்கீசன்ரை. கதிரையிலை இருந்து, மேசையிலை பாணை வைச்சு, கோப்பையிலை தேத்தண்ணி. தேத்தண்ணியை விட்டால் எல்லாம் அவன்ரை. அலுமாரியைத் திறந்து லேஞ்சியை எடுத்து, யன்னலைச் சாத்தி, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு கந்தோருக்குப் பென்சன் எடுக்கப் போவார். யன்னலையும் சப்பாத்தையும் தந்தவன் போத்துக்கீசன், கந்தோரைத் தந்தவன் ஒல்லாந்தன். திறப்பு ஒண்டுதான் எங்கடை. அங்காலை தமிழ்நாட்டிலை அதையும் விட்டிட்டுச் சாவி எண்டு போத்துக்கீசனிட்டைக் கடன் பட்டிருக்கினம்.

நான் மட்டும் திறமோ? இவ்வளவு நேரமும் சொல்லுக்கு உறுதி கேட்டன், தோம்பு கேட்டன். தோம்பு எண்ட சொல்லே போத்துக்கீசன்ரை. உறுதி முடிக்கிற நொத்தாரிசு ஒல்லாந்தன்ரை. இந்த நொத்தாரிசிட்டைப் போய், "எல்லாம் எங்கடை பரம்பரைச் சொத்து" எண்டு எழுதித் தாங்கோ எண்டு கேட்டால், அந்த மனிசன் பேனையை எடுக்கமுந்தி என்ரை முகத்தை ஒருக்காப் பாக்குமோ இல்லையோ?

ஆனபடியால் மோனை, அப்பு சொல்லுறதைக் கேள். அடுத்த முறை புளோரிடாவுக்குப் போனால் அந்தக் கலம் ஓட்டிறவனிட்டை, "இது எங்கடை சொல்லு, காசைக் குறை" எண்டு கேட்டிடாதை. குறைக்கமாட்டான். பசுபிக்குத் தீவுக்காரன் ஒருத்தன் பின்னுக்கு நிண்டு "வித்தை எங்கடை" எண்டான் எண்டால் நீ கூடக் குடுக்கவேண்டி வரும். கட்டுமரம் எண்டு ஒருக்கா வடிவாய்ச் சொல்லிப்போட்டு இரு. ளகரம் வராது, ழகரம் வராது, உன்ரை வாய்க்கு ஏத்த சொல்லு. றகரத்தை மட்டும் கொஞ்சம் குறை. பூனைக் கதையை ஆரும் சொன்னால் திருத்தப் போகாதை, தலையை ஆட்டு. அந்தச் சண்டைக்காரிக் கருத்தை மட்டும் கலியாணத்துக்குப் பிறகு வாயே திறக்கப்படாது.

என்னடா தூரத்திலை? கண்ணாடியைக் கழட்டினாப்பிறகு எனக்குத் தெரியேல்லை. வருதோ? ஓம், வருது. எழும்பு எழும்பு, மாஸ்ரரின்ரை குடையை எடு, அம்மம்மாவைக் கையிலை பிடி, பூசைச் சாமானை விட்டிடாதை. எடேய், கெதியாய் வாடா, போட் வந்திட்டுது!

என்ன சிரிக்கிறாய்? என்ன, நான் என்ன சொன்னனான்? வள்ளம், வத்தை, தோணி எண்டு வகுப்பெடுத்த மனிசன் போட் எண்டிட்டாராம். எடேய், கயித்தை அவிக்கிறான், முதல் ஏறு. மிச்சத்தை நயினாதீவிலை போய்க் கதைப்பம்.